பேச்சி சொன்ன லிட்டர் கணக்கு

நான்காம் வகுப்புக்கு லிட்டர் கூட்டல் நடத்துவது எப்படி என்று கேட்டுத்தான், புதிதாக ஆசிரியர் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். நடத்தும் முறை உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. மில்லி லிட்டரை மில்லி லிட்டருக்கு நேராகவும் லிட்டரை லிட்டருக்கு நேராகவும் எழுத வேண்டும், ஆயிரம் சேர்ந்தால் ஒன்றை இடப்பக்கம் கொண்டு போக வேண்டும். அதை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். கையேட்டில் இல்லாத ஒன்று எனக்கு நடந்தது. அதை இந்த வயதிலும் மறக்க முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் பின்பாதி. அருப்புக்கோட்டையில் தறி ஓடும் தெருவில் பிறந்தவள். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பந்தல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக் காட்டுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே வண்டிப்பாதையில் நடந்தால் என் பள்ளிக்கூடம் வரும். ஓட்டுக் கட்டடம், இரண்டு ஆசிரியர்கள். தலைமையாசிரியர் ஒன்று, இரண்டைப் பார்த்துக்கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து என்னிடம்.

படியும் உழக்கும் போய் லிட்டர் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடைக்காரர்கள் மாறிவிட்டார்கள், வீடுகள் மாறவில்லை. பிள்ளைகளுக்கு மில்லி லிட்டர் என்பது வாயில் நுழையாத சொல். எழுநூற்றைம்பதோடு ஐந்நூறைக் கூட்டி ஆயிரத்து இருநூற்றைம்பது மில்லி என்று அப்படியே எழுதிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒரு லிட்டர் ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை. புத்தகத்தில் இருந்த கணக்குகள் பால் பண்ணை, பெட்ரோல் பங்க் என்று அவர்கள் பார்க்காத இடங்களில் நடந்தன. ஆகவே ஒருநாள் சொன்னேன். "நாளைக்கு ஆளுக்கொரு கணக்கு நீங்களே செஞ்சுட்டு வரணும். வீட்டுல என்ன ஊத்துறாங்க, என்ன அளக்குறாங்க, அதைப் பாத்து செய்யுங்க."

மறுநாள் பேச்சி புதுப் பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். லாரியில் லோடு ஏற்றி இறக்கும் கருப்பையாவின் மூத்த மகள். கணக்கில் கெட்டிக்காரி, அந்த வகுப்பில் ஆயிரத்தை லிட்டராக மாற்றத் தெரிந்த முதல் பிள்ளை. அன்று அவள் தம்பிக்குக் காதுகுத்து. ஊருக்கு வடக்கே இருந்த அவர்களுடைய குலசாமி கோவிலில் முற்பகல் கிடாவெட்டு, மதியம் விருந்து. நரிக்குடிப் பக்கமிருந்து சொந்தக்காரர்கள் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தார்கள்.

"டீச்சர், எங்க அம்மா உங்களையும் பெரிய சாரையும் சாப்பிட வரச் சொல்லுச்சு. எனக்கு மத்தியானம் லீவு வேணும். என் கணக்க மொதல்ல சொல்லிட்டுப் போயிரவா?" என்று கேட்டாள்.

சரி என்றேன். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொன்னாள்.

"ஒரு டின்னில் நான்கு லிட்டர் எழுநூற்றைம்பது மில்லி லிட்டர் சரக்கு இருக்கிறது. அதில் மூன்று லிட்டர் ஐந்நூறு மில்லி லிட்டர் தண்ணீர் சேர்த்தால் மொத்தம் எவ்வளவு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மதுவிலக்கு இருந்த காலம். ஆனால் கருவேலங்காட்டுக்குள் எங்கே புகை வரும், யார் வீட்டுக் கூரையில் பாட்டில் செருகியிருக்கும் என்பதெல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். கூட்டலும் சரியாக இருந்தது. எட்டு லிட்டர் இருநூற்றைம்பது மில்லி. இடப்பக்கம் ஒன்றைக் கொண்டுபோகத் தோதாக எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷம்கூட.

"நல்லா யோசிச்சு செஞ்சிருக்க" என்றேன்.

"யோசிக்கல டீச்சர். நேத்து சாயங்காலம் நெசமாவே அளந்தோம். எங்கய்யாவுக்கு லிட்டர் கணக்குத் தெரியாதுல்ல, நாந்தான் கடையில அளவைச் செம்பு வாங்கியாந்து அளந்து குடுத்தேன். வந்தவுக எல்லாருக்கும் காணணும்னு தண்ணி எவ்வளவு சேக்கணும்னு கணக்குப் போட்டோம்."

இங்கே நான் அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். பெரிய வகுப்பு, அடுத்த பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று பத்துக்கு ஒன்பது நாள் நாமெல்லோரும் உட்காரத்தான் சொல்வோம். அன்றைக்கு ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. டின் என்று சொன்னாளே, சாராயம் டின்னில் வராதே என்ற சின்ன உறுத்தலாக இருக்கலாம்.

"டின்னு எங்க கிடைச்சது?"

"ரோட்டுல லாரி ரிப்பேராகி நின்னுச்சுல்ல, அந்த லாரிக்காரவுக எங்கய்யாகிட்ட குடுத்தாக. நல்ல டின்னு டீச்சர். சீல் வச்சிருந்துச்சு. படமெல்லாம் போட்டிருக்கு."

"என்ன படம்?"

"கரண்டுக் கம்பத்துல தகரம் அடிச்சிருப்பாகள்ல, அதே படம். மண்டையோடு, ரெண்டு எலும்பு."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு பயமும் இல்லை. நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்ன மகிழ்ச்சிதான் இருந்தது. எங்கள் தெருவில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர் ஒருவர் இருந்தார். பாலிஷில் கலக்கிற ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டு, இரண்டாம் நாள் நடுப்பகலில் விளக்கை ஏற்றுங்கள் என்று கேட்டார். அன்று இரவே போய்விட்டார். அப்போது நான் சின்னப்பெண். அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

"இன்னும் யாரும் குடிக்கலேல்ல?" என்று கேட்டேன்.

"கிடா வெட்டின பெறகுதான் டீச்சர். இந்நேரம் வெட்டிருப்பாக."

பக்கத்து வகுப்புக்கு ஓடினேன். தலைமையாசிரியரிடம் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"பந்தல்குடிக்கு ஆள் அனுப்பி போலீஸைக் கூப்பிடலாம் சார்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "போலீஸ்னு ஒரு சொல்லு காதுல விழுந்தா டின்னைத் தூக்கிட்டுப் போயி காட்டுல பொதைச்சு வைப்பான். பொதைச்சதை இன்னொரு நாள் எடுத்துக் குடிப்பான். அது எல்லார் கண்ணு முன்னாலயும் மண்ணுல போகணும். நீங்க போங்க. நான் போனா சண்டைக்கு வருவாங்க, போன பொங்கலுக்கே எனக்கும் அவங்களுக்கும் வாய்த் தகராறு. உங்கள ஒண்ணும் செய்ய மாட்டாங்க. நான் ரோட்டுக்குப் போயி ஒரு வண்டியை மறிச்சுக் கூட்டிட்டு வாரேன்."

"வண்டி எதுக்கு சார்? இன்னும் யாரும் குடிக்கலையே?"

செருப்பை மாட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "கலக்குனவன் ருசி பாக்காமயா இருப்பான்?"

பிள்ளைகளே, எனக்கு அதுவரை அது தோன்றவில்லை. குடிக்கப்போகிறவர்களை நினைத்துத்தான் பதறிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே குடித்துவிட்டவரை நினைக்கவில்லை. பதற்றத்தில் நம் கண்ணுக்கு வரப்போகும் ஆபத்து மட்டும்தான் தெரிகிறது, வந்துவிட்டது தெரிவதில்லை. தலைமையாசிரியர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்றைக்கு மட்டும் அவர் நடையில் ஓட்டம் இருந்தது.

ஐந்தாம் வகுப்புப் பெண்ணை மற்றவர்களுக்குக் காவல் வைத்துவிட்டுப் பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்கு டீச்சர் ஓடுறோம்? கணக்குத் தப்பா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. என் செருப்பு ஒரு வெடிப்பில் மாட்டிக் கழன்று போனது, எடுக்காமல் ஓடினேன்.

கோவில் என்றால் கட்டடம் கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு பீடம், நான்கைந்து வேல். ஒருபக்கம் கறி வெந்துகொண்டிருந்தது, பெண்கள் அங்கே இருந்தார்கள். மறுபக்கம் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு மண்பானை. பேச்சியின் தாய்மாமன் டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். சிலர் கையில் டம்ளர் போய்விட்டிருந்தது.

"வாங்க டீச்சரம்மா" என்று யாரோ எழுந்தார்கள்.

"யாரும் வாயில வைக்காதீங்க. அது விஷம்" என்றேன். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது.

மாமன் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, விருந்தாளியை எடுத்தெறிந்து பேசத் தெரியாதவர். "டீச்சரம்மா, சாப்பிட வந்திருக்கீக, அங்கிட்டுப் பொம்பளைகளோட இருந்து சாப்பிட்டுப் போங்க. இது ஆம்பளைக சமாச்சாரம்" என்றார்.

"டின்னுல மண்டையோடு போட்டிருக்குல்ல? அது எதுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சீங்க?"

"அது வீரியமான சரக்குன்னு அர்த்தம். அதுக்குத்தான தண்ணி ஊத்தியிருக்கு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் தெருக்காரர் கதையைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். எட்டிப் பறித்தேன், என் சேலையெல்லாம் கொட்டியது. இப்போது சிரிப்பு நின்றது. ஒரு பொம்பளை வந்து கையிலிருப்பதைப் பிடுங்குவதா என்று இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். அடி விழும் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்திருந்த கருப்பையா எழுந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து தலைவலி என்று படுத்திருந்தாராம்.

"ஏலே, யாரது சத்தம் போடுறது? இந்த அடுப்பைத் தள்ளி வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது. இம்புட்டுப் புகையா இருக்கு, ஒரு ஆளு தெரியமாட்டேங்குது" என்றார்.

அடுப்பு மரத்துக்கு அந்தப் பக்கம் எட்டத்தில் இருந்தது. காற்று எதிர்த்திசையில் அடித்துக்கொண்டிருந்தது. அவரைச் சுற்றி ஒரு துளிப் புகை இல்லை. உச்சி வெயில் கண்ணைப் பறித்தது.

பேச்சி அவருக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அய்யா, டீச்சர் வந்திருக்காக" என்றாள்.

"பேச்சியா? எங்கிட்டு நிக்கிற தாயி?" என்று கையை நீட்டித் துழாவினார். அவள் நின்ற பக்கம் துழாவவில்லை.

கறி கொதிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. எழுந்து நின்ற இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். பேச்சியின் அம்மா கரண்டியோடு வந்தாள். புருஷன் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். இன்னொரு தடவை ஆட்டினாள். பிறகு வட்டத்துக்குள் போய் அந்தப் பானையைக் காலால் தள்ளிவிட்டாள். வெடித்த கரிசல் அவ்வளவையும் குடித்துவிட்டது. கையில் டம்ளர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள்.

மாமன் மட்டும் கவிழ்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் விடியக்காலம் ஒரு வாய் குடிச்சேன்" என்றார். சற்று முன்பு என்னைக் கேலி செய்த அதே வாய்.

தலைமையாசிரியர் பருத்தி ஏற்றிய லாரி ஒன்றோடு வந்து சேர்ந்தார். பாதிப் பொதிகளை வழியிலேயே இறக்கிப் போட வைத்திருந்தார். இருவரையும் பொதிகளின் மேல் ஏற்றினோம். பேச்சியின் அம்மா ஏறினாள், நான் ஏறினேன். பேச்சியை வேண்டாம் என்று இறக்கிவிட்டோம். லாரி நகர்ந்தபோது அவள் அழவில்லை. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எவ்வளவு குடித்தார்கள், எதில் எவ்வளவு கலந்தது என்று. பேச்சியின் அம்மாவுக்குத் தெரியாது. கருப்பையா, "ஒரு செம்பு, ஒண்ணரைச் செம்பு" என்று உளறினார். நான்தான் சொன்னேன். நான்கு லிட்டர் எழுநூற்றைம்பதுக்கு மூன்று லிட்டர் ஐந்நூறு தண்ணீர். அளந்த செம்பு எவ்வளவு பிடிக்கும் என்பதையும் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு துல்லியமா யாரு அளந்தது?" என்று கேட்டார். நான்காம் வகுப்புப் பிள்ளை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு இன்னொரு அடி. மருந்து அறையில் பூட்டி வைத்திருந்த பிராந்தியை எடுத்துவரச் செய்து, அவுன்ஸ் கிளாசில் அளந்து அளந்து இருவருக்கும் கொடுத்தார். குடித்து வந்தவர்களுக்குக் குடியா என்று பேச்சியின் அம்மா டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த விஷம் உடம்புல வேலை செய்யாம இதுதாம்மா தடுக்கும்" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சாயங்காலம் இருவரையும் மதுரைக்கு அனுப்பினார்கள். மாமனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருப்பையா உயிர் பிழைத்தார். கண் திரும்பவில்லை.

போலீஸ் பின்னால் வந்தது, விசாரித்தது. அந்த லாரி அகப்படவே இல்லை. அது இருக்கட்டும். உங்களுக்கு நான் சொல்ல வந்தது பேச்சியைப் பற்றி.

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வாசித்தாள், பாட்டுச் சொன்னாள், வாய்பாடு சொன்னாள். லிட்டர் என்று நான் வாயைத் திறந்தால் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அளவைச் செம்பைப் பிள்ளைகள் கைமாற்றும்போது அவள் முறை வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். வெளியே அவளை 'விஷம் அளந்தவ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யார் என்று கண்டுபிடித்து அடித்தேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தனியே கூப்பிட்டு, "உன் மேல தப்பில்ல" என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். தலையாட்டுவாள். அவ்வளவுதான். உன்னுடைய அளவுதான் டாக்டருக்கு உதவியது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "அளக்காம இருந்திருந்தா?" என்று கேட்டாள். இத்தனை வருடம் கழித்தும் உங்களிடம் சொல்ல ஒரு பதில் இருக்கிறதா என்றால், இல்லை. நாம் சொல்லித் தருகிற எதையும் பிள்ளைகள் எங்கே கொண்டுபோய் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியாது. அதற்காகச் சொல்லித் தராமல் இருக்க முடியாது. எண்ணைக் கேட்டவுடன் உட்காரச் சொல்லிவிடாதீர்கள், எதை அளந்தாய் என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் கருப்பையா வந்து நின்றார். மாமன் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். பேச்சிக்கு அவர் வரப்போவது தெரியாது. மாமன் அவரை உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

"டீச்சரம்மா, பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றேன்.

தொண்டையைச் செருமினார். "எம்மக அளந்தது சரியான அளவு. ஒரு சொட்டுத் தப்பில்ல. அந்தப் படம் என்னன்னு அது எங்கிட்ட ரெண்டு தடவ கேட்டுச்சு. பேசாம அளன்னு சொன்னது நானு. கலக்குனது நானு. குடிச்சது நானு. எம்பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அவர் முகம் கரும்பலகைக்கு நேராக இருந்தது. வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் அன்று எழுதிப்போட்டிருந்த கணக்கைப் பார்த்து அவ்வளவையும் சொல்லியிருந்தார். அதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பேச்சி எழுந்து வந்தாள். இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"இங்கிட்டுப் பாருங்கய்யா. நாங்க இங்கிட்டு இருக்கோம்."

அவர் மறுபடியும் தொண்டையைச் செருமிக்கொண்டு, எம்மக அளந்தது சரியான அளவு என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.